நூல்கோல் என்று அவர் சொன்னபோதெல்லாம்

தூக்குச்சட்டியின் அடுக்கை மூடும்போது டெபோரா அதைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டாள். கொர்னேலியஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தார். அவள் முழங்கையால் இடித்துத் தள்ளினாள்.

"பாக்கக் கூடாது. தின்னுதான் கண்டுபிடிக்கணும்."

"மோந்து பாத்துக்கிறேன்."

"மோந்து பாக்குறது நாய். நீங்க லோரி டிரைவர்."

"ஒரு அடையாளமாச்சும் சொல்லேன்லா."

"ஆதியாகமம் தூக்குல இருக்கு. வெளிப்படுத்தின விசேஷம் ராத்திரிக்குத்தான். கிளம்புங்க, இலை ஏத்த ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

அவர் தூக்கை வாங்கிக்கொண்டு, குளிருக்குக் கழுத்துவரை சட்டையை இழுத்துப் பூட்டி, லயத்து வீடுகளின் முன்னால் நின்ற லோரியை நோக்கி நடந்தார். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "தோத்தா கழுவணும், ஞாபகம் இருக்கட்டும்!" அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.

அவ்வளவுதான். அதற்குமேல் அந்தக் காலையில் ஒன்றும் இல்லை.

கேமரன் மலையில் தேயிலை லோரி ஓட்டுகிறவனின் சம்பளத்தில் ஒரு குடும்பம் நடத்துவது எப்போதுமே இழுத்துப் பிடிக்கிற காரியம். மகள் ஷாரன் படித்து முடித்து ஈப்போவில் வேலைக்குப் போன பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. முட்டை விலை ஏறியது. கோழி விலை ஏறியது. மானிய விலைப் பாக்கெட் எண்ணெய் கடையில் வந்த அன்றே தீர்ந்தது. டெபோரா அதைப்பற்றிப் புலம்பி அவர் கேட்டதில்லை. கியா பார்ம் காய்கறிக் கடைகளில், சுற்றுலா வந்தவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுப்போனதை, ஒடிந்ததை, கோணலானதை, கழித்துப் போட்டதை ஒரு சாக்கில் வாங்கி வருவாள். முட்டைக்கோஸின் வெளி இலையில் மசாலாவை வைத்துச் சுருட்டி ஆவியில் வேக வைப்பாள். காரட் தழையில் துவையல். காலிஃபிளவர் தண்டை மெல்லிசாக அரிந்து நெத்திலியோடு வதக்கினால், அதற்காகவே ஒருவன் இன்னொரு கவளம் சோறு வைத்துக்கொள்வான். ஒரு டின் சார்டினில் சர்க்கரைவள்ளியை மசித்துச் சேர்த்து, மறுநாளைக்கும் மிச்சம் இருக்கும்படி கட்லெட் பிடிப்பாள்.

இதையெல்லாம் ஏழைச் சாப்பாடு என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்றுதானோ என்னவோ, கல்யாணமான புதிதிலேயே அவள் ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். ஜெபம் பண்ணிவிட்டுத் தட்டில் கை வைத்தால், இது எதில் செய்தது என்று அவர் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பதில். வேறு யாரிடமும் கேட்கக் கூடாது. சரியாகச் சொன்னால் பாத்திரம் கழுவுவது அவள். தப்பாகச் சொன்னால் அவர். லயத்தின் பின்பக்கக் குழாயில் வருவது மலை ஓடைத் தண்ணீர். இரவில் அதில் கை வைத்தால் குளிர் எலும்பு வரைக்கும் ஏறும். அதனால் அவர் முழுக் கவனத்தோடு மென்றார்.

பெரும்பாலும் தோற்றார். ஆனால் ஒன்றில் அவர் கெட்டிக்காரர். நூல்கோல். பொரியலில் போடட்டும், கூட்டில் போடட்டும், தேங்காய்ப்பாலில் கரைய விடட்டும், முதலில் லேசான தித்திப்பும் கடைசியில் தொண்டையில் ஒரு சின்னக் கிள்ளலும் வந்தால் அவர் கையை உயர்த்திவிடுவார்.

"நூல்கோல்!"

டெபோரா ஒரு நிமிடம் அவரையே பார்ப்பாள். "எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க? ஒங்க நாக்குல என்ன கண்ணா இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து பாத்திரங்களை அள்ளுவாள். அவர் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். வெளியே குழாய்ச் சத்தம் கேட்கும்.

அவர் போட்ட நிபந்தனையும் ஒன்று உண்டு. பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார்: என் வீட்டுக்குள் முள்ளங்கி வரக் கூடாது. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா காலை உடைத்துக்கொண்டு வேலையில்லாமல் படுத்துவிட்டார். லெம்பா பெர்த்தாம் தோட்டங்களில் விலை போகாத முள்ளங்கியைச் சும்மா கொடுத்தார்கள். மழைக்காலம் முழுவதும் முள்ளங்கிச் சாம்பார், முள்ளங்கிக் கஞ்சி, வெறும் உப்பில் வெந்த முள்ளங்கி. சட்டையில், கம்பளியில், தலைமயிரில் அந்த வாடை. பள்ளிக்கூடத்தில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. பெரியவனாகி லோரி லைசன்ஸ் எடுத்த பிறகும் அந்த வாடை வந்தால் அவர் முகம் சிறுபையன் முகமாகிவிடும்.

டெபோரா சரி என்றாள். ஆனால் பக்கத்து வீட்டு மாரியம்மாவுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. லயத்து வீடுகளுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர் வேலை முடிந்து வரும் பல சாயங்காலங்களில் அந்த வாடை இலேசாக அடிக்கும்.

"அந்த வீட்ல வாரா வாரம் முள்ளங்கியா?" என்று முகத்தைச் சுளிப்பார்.

"நல்லுசாமி அண்ணனுக்கு உசுரு" என்பாள் டெபோரா.

ஒருநாள் மாரியம்மாவையே வேலியோரம் நிறுத்திக் கேட்டும்விட்டார். "ஏம்மா, ஒம் புருஷனுக்கு வேற காயே புடிக்காதா?"

மாரியம்மா அவருக்குப் பின்னால் நின்ற டெபோராவைப் பார்த்தாள். "என்ன பண்றதுண்ணே, அது இல்லாட்டி சட்டியத் தூக்கி எறியுறாரு" என்றாள்.

அந்தக் காலையில் டெபோரா மறைத்து மூடிய தூக்கில் இருந்தது உருண்டைக் குழம்பு. பள்ளி விடுமுறை நாள். மலைப்பாதையெங்கும் வெளியூர்க் கார்கள். இரண்டாவது நடை இலையை ஃபேக்டரியில் இறக்கிவிட்டு, சாலையோரம் லோரியை ஒதுக்கி, அவர் தூக்கைத் திறந்தார். புளி கரைத்த நீர்த்த குழம்பில் மூன்று உருண்டைகள். முதல் உருண்டையைக் கடித்ததும் நெத்திலி தெரிந்தது. பொட்டுக்கடலை தெரிந்தது. அதற்கு அடியில் ஒன்று இருந்தது. மெதுவாக, ஈரமாக, கறியும் இல்லாமல் மீனும் இல்லாமல். இரண்டாவதையும் மென்றார். மூன்றாவதை ராத்திரி அவள் முன்னாலேயே தின்று, கையை உயர்த்திச் சொல்லலாம் என்று மூடி வைத்தார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. நூல்கோல். உருண்டையாகப் பிடித்து ஏமாற்றப் பார்த்திருக்கிறாள்.

மாரியம்மாவின் போன் வந்தபோது அவர் சிரித்துக்கொண்டேதான் எடுத்தார்.

அடுப்படியில் விழுந்து கிடந்தாளாம். நல்லுசாமி தன் காய்கறி வேனில் போட்டுக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறானாம். அவர் லோரியைத் திருப்பினார். ஸ்ட்ராபெரி வாங்கப் போகிற கார்கள் முன்னாலும் பின்னாலும் அசையாமல் நின்றன. குழந்தைகள் ஜன்னல் வழியே அவருடைய பெரிய லோரிக்குக் கையசைத்தன.

அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொண்டுவரும்போதே மூச்சு இல்லை, இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். துணியை விலக்கிக் காட்டினார்கள். அவள் நெற்றியில் கடலைமாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் குனிந்து அவள் காதில் சொன்னார்.

"நூல்கோல்தானே?"

நர்ஸ் அதை ஜெபம் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

அடக்கம் முடிந்தது. சபை மக்கள் முறை வைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டுவந்தார்கள். கோழி வந்தது, நெய்ச்சோறு வந்தது, ஆட்டுக்கறிகூட வந்தது. அந்த வீட்டில் அத்தனை வசதியான சாப்பாடு ஒருசேர வந்ததே இல்லை. கொர்னேலியஸ் ஒவ்வொன்றையும் வாயில் வைத்தார். கோழி கோழியாக இருந்தது. ஆடு ஆடாக இருந்தது. கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. தட்டைத் தள்ளிவைத்தார்.

லோரியில் விட்டுவந்த தூக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருக்குப் பதிலாக லோரி ஓட்டிய பையன் எல்வின் அதை ஒரு பையில் போட்டு மரியாதையாகக் கொண்டுவந்து கொடுத்தான்.

"உள்ள இருந்தது கெட்டுப்போச்சு அங்கிள். நானே நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்."

"நல்லதுப்பா" என்றார் கொர்னேலியஸ். உள்ளே போய் வெகுநேரம் அந்தக் காலி அடுக்கை முகர்ந்து பார்த்தார். சோப்பு எலுமிச்சை வாசம் அடித்தது.

ஷாரன் லீவு போட்டுவிட்டுக் கூட இருந்தாள். கிளம்புகிற அன்று அவள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "ஈப்போவுக்கே வந்துருங்கப்பா. இங்க யாரு சமைப்பா ஒங்களுக்கு?"

"நான் சமைப்பேன்."

"நீங்களா? தண்ணி கொதிக்குதான்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"பொங்கி வழிஞ்சா தெரியும்ல?"

அழுகிற முகத்தோடு அவள் சிரித்தாள். தான் எதற்காக இங்கேயே தங்குகிறோம் என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை. அந்த உருண்டையை ஒரு தடவை தன் கையால் செய்து, ஆமாம் இதுதான், நூல்கோல்தான் என்று தெரிந்துகொண்டால் போதும். டெபோராவின் கடைசிக் கேள்விக்குச் சரியான பதில்தான் சொல்லியிருக்கிறோம் என்று ஆகிவிடும். அதன்பிறகு ஈப்போவென்ன, எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. மறுநாள் கூழானது. அப்புறம் கை பழகியது. தானா ராத்தா கடையொன்றில் நூல்கோல் வாங்கிவந்து, துருவி, நெத்திலியைப் பொடித்து, பொட்டுக்கடலை மாவு சேர்த்து உருட்டிப் பொரித்தார். பாதி எண்ணெயில் கரைந்தது. மிச்சத்தைக் குழம்பில் போட்டு, தட்டில் எடுத்துவைத்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணிக் கடித்தார்.

இல்லை.

இன்னொன்றைக் கடித்தார். தித்திப்பு இருந்தது. கடைசியில் வரவேண்டிய அந்தக் கிள்ளல் வரவில்லை. பக்குவம் தப்பியிருக்கும் என்று நினைத்தார். உப்பைக் கூட்டினார், மாவைக் குறைத்தார், வேறு கடையில் வாங்கினார். வாரத்துக்கு ஒருமுறை செய்து பார்த்தார். எந்த முறையும் அது நூல்கோலாகத்தான் இருந்தது, டெபோராவின் உருண்டையாக இல்லை.

அப்படியானால் அவள் காதில் கடைசியாகப் போன வார்த்தை தப்பு.

அன்றிலிருந்து அவர் தேட ஆரம்பித்தார். முட்டைக்கோஸின் நடுக்குருத்து. புரோக்கோலித் தண்டு. பப்பாளிக்காய். சௌசௌ. செங்குவாங் கிழங்கு. துருவுவார், உப்பில் பிசறுவார், பிழிவார், உருட்டுவார். இந்த அலைச்சலில் அவருக்குத் தெரியாமலே சமையல் வந்துவிட்டது. புரோக்கோலித் தண்டின் தோலைச் சீவிவிட்டால் உள்ளே வெள்ளரிபோல இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். காலிஃபிளவர் இலையின் நடுநரம்பைப் புளிக்குழம்பில் போட்டால் இரண்டு நாளைக்கு வரும் என்று தெரிந்தது. ஒரு பாக்கெட் எண்ணெயை எப்படி மாதக் கடைசிவரை ஓட்டுவது என்றும் தெரிந்தது. நல்ல சாப்பாடு என்றே சொல்லலாம். அவர் அதை ருசிக்காகத் தின்னவில்லை. முதல் வாய் வைப்பார், இல்லை என்று தலையாட்டுவார், மிச்சத்தைப் பசிக்காகத் தின்பார், தோற்றவர் என்ற முறையில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவார்.

மாரியம்மா ஒருநாள் பின்வாசலில் வந்து நின்றாள். சட்டியில் மிச்சமிருந்ததை ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்தாள்.

"அட, அண்ணே! எங்க வீட்டு மனுஷன் வாழ்நாள்ல ஒரு முட்டை ஒடச்சதில்ல. இது என்னா, செங்குவாங்கா?"

"ஆமா. ஆனா இது இல்ல நான் தேடுறது."

"என்னா தேடுறீங்க?"

அவர் சொன்னார். உருண்டையைப்பற்றி, அந்தக் கிள்ளலைப்பற்றி. ஆஸ்பத்திரியில் காதில் சொன்னதையும் சொல்லிவிட்டார். மாரியம்மாவின் முகம் ஒருமாதிரி ஆனது. முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அது வந்து..."

"சொல்லாத" என்று கையை நீட்டித் தடுத்தார். "ஒனக்குத் தெரிஞ்சாலும் சொல்லாத. கேட்டுத் தெரிஞ்சுக்கிறது ஆட்டத்துல கெடையாது."

அவள் சட்டியை மூடி வைத்தாள். பிறகு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. டெபோரா போனதிலிருந்து அந்த வீட்டுப் பக்கமிருந்து முள்ளங்கி வாடையே வரவில்லை. துக்கவீட்டுப் பக்கத்தில் இருக்கிறோம், அண்ணனுக்கு அந்த வாடை ஆகாது என்று நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது. நல்ல மனசு, என்று நினைத்துக்கொண்டார்.

டெபோரா வழக்கமாகப் போகும் கியா பார்ம் கடைக்கு மட்டும் அவர் போகாமல் இருந்தார். அந்தக் கடைக்காரப் பெண் சீதா அடக்கத்தன்று அழுத அழுகையை அவரால் இன்னொருமுறை பார்க்க முடியாது. ஆனால் சுற்றியுள்ள மற்றக் கடைகளில் உள்ளதையெல்லாம் துருவிப் பார்த்தாகிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், லோரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினார்.

சீதா அழவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இப்பதான் வழி தெரிஞ்சுச்சா அங்கிள்? ஆன்ட்டி இல்லேன்னா கடையும் இல்லையா?"

"கழிச்சுப் போட்டது ஏதாச்சும் இருந்தாக் குடும்மா."

"ஒங்களுக்கு எதுக்கு கழிச்சது? நல்லதே எடுத்துக்குங்க, துட்டு வேணாம்."

"இல்லம்மா, அவ வாங்குற மாதிரியே குடு."

அவள் கடைக்குப் பின்னால் போய்ச் சாக்குகளைக் கிளறினாள். அங்கிருந்தே பேசினாள். "ஆன்ட்டி சாக்க இன்னும் பத்திரமா வச்சிருக்கேன். இன்னிக்குத்தான் கீழ இருந்து சரக்கு வந்திச்சு, எல்லாம் ஒடஞ்சது, கால் முளைச்சது. டூரிஸ்ட் தொடவே மாட்டான். ஆன்ட்டி மட்டும்தான் தூக்கிட்டுப் போவாங்க." சாக்கை இழுத்துவந்து அவர் காலடியில் வைத்தாள்.

வெள்ளை முள்ளங்கி. மண் ஒட்டிய, இரண்டாகப் பிளந்த, ஒடிந்த முள்ளங்கி.

"இது இல்லம்மா" என்றார் கொர்னேலியஸ். "நூல்கோல் வாங்குவாள்ல, அது."

"நூல்கோலா?" சீதா சிரித்தாள். "அது விக்கிற வெலைக்கு ஆன்ட்டி அந்தப் பக்கமே திரும்ப மாட்டாங்களே! என் கடைக்கு வந்த காலத்துலேருந்து நூல்கோல் ஒண்ணுகூட வாங்கினதில்ல அங்கிள். முள்ளங்கிதான். எங்க வீட்டுக்காரருக்கு இது ரொம்ப இஷ்டம், கண்ண மூடிட்டுக் கண்டுபிடிச்சிருவாருன்னு சொல்லுவாங்க."

மழை தகரக் கூரையில் கொஞ்சம் வலுத்தது. கொர்னேலியஸ் எழுந்து சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டார். "என்னா அங்கிள், ஒடம்பு சரியில்லையா?" என்று சீதா கேட்டது பின்னால் கேட்டது.

வீட்டுக்குள் முள்ளங்கியை அவர் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. துருவத் தொடங்கியதும் வாடை கிளம்பியது. பலகைச் சுவரைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். மாரியம்மாவின் வீட்டில் பேச்சு நின்றது. அவர் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு துருவினார். துளி உப்புப் போட்டுப் பிசறி வைத்தார். தண்ணீர் ஊறி வந்ததும் இறுகப் பிழிந்து, பின்பக்கம் கொண்டுபோய்ச் சௌசௌ கொடியின் தூரில் ஊற்றினார். திரும்பி வந்தபோது பாத்திரத்தில் இருந்ததில் வாடை பாதிக்குமேல் இல்லை. டெபோரா இப்படித்தான் செய்திருப்பாள். அவர் வேலைக்குப் போன பிறகு, இந்தத் தூரில்தான் ஊற்றியிருப்பாள். அந்தக் கொடி எப்போதும் கொழுத்துக் கிடந்ததற்கு வேறு காரணம் தேவையில்லை.

நெத்திலி, பொட்டுக்கடலை, வெங்காயம். உருட்டினார். பொரித்தார். குழம்பில் போட்டார். ஜெபம் பண்ண மறந்தார். அப்படியே எடுத்துக் கடித்தார்.

முதலில் தித்திப்பு. பிறகு, தொண்டையில், அந்தச் சின்னக் கிள்ளல்.

அவர் மெல்ல மென்று விழுங்கினார். பின்வாசலில் மாரியம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"ஒங்க வீட்ல யாருக்குமே முள்ளங்கி புடிக்காதுல்ல?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு மனுஷனுக்கு வாயில வச்சாலே கொமட்டும்ண்ணே" என்றாள் மாரியம்மா. "அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க. என்னா பண்றது, எங்க வீட்டுக்காரருக்குப் புடிக்காது, ஆனா இதவிட மலிவா இந்த மலையில ஒண்ணும் கெடைக்காது, நீ பழிய ஏத்துக்கடின்னாங்க. ஏத்துக்கிட்டேன்."

அவர் தலையாட்டினார். அவள் போய்விட்டாள்.

சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூல்கோல் என்று கையை உயர்த்திய ராத்திரிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஷாரன் பிறந்த வருஷம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காய்ச்சலோடு டெபோரா சமைத்த ஒரு நாள். அவள் ஒரு நிமிடம் அவரையே பார்ப்பாளே, அது இதுதான். அந்த ராத்திரிகளில் ஒரு தடவைகூட அவர் ஜெயித்திருக்கவில்லை. முள்ளங்கி என்று அவளால் சொல்ல முடியாது. சொன்னால் அவர் முகம் சிறுபையன் முகமாகிவிடும். அதனால் ஜெயித்தவளே சிரித்துக்கொண்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவியிருக்கிறாள். அவர் காலை நீட்டித் தேத்தண்ணி குடித்திருக்கிறார். உள்ளே வந்ததும் சிவந்துபோன கைகளை அவர் கழுத்தில் வைத்து, "எப்படி இருக்கு?" என்பாள். அவர் ஐயோ என்று துள்ளுவார்.

ஷாரனுக்குப் போன் போட்டார். "ஒனக்கும் தெரியுமா?" என்றார்.

"என்னப்பா?"

"முள்ளங்கி."

அந்தப் பக்கம் ஒரு மூக்குறிஞ்சல். "ஸ்கூல் டிபன்ல எனக்கும் அதத்தான் குடுப்பாங்க. அப்பாட்ட சொன்னா வாயிலயே சூடு வைப்பேன்னு..." அவளால் முடிக்க முடியவில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

"இனிமேலாச்சும் வந்துருங்கப்பா" என்றாள் கடைசியில்.

"பாக்கலாம்" என்றார். அவர் தேடியது கிடைத்துவிட்டது. காதில் சொன்னது தப்பு என்பதும் உறுதியாகிவிட்டது. சாக்கில் இன்னும் நிறைய முள்ளங்கி இருந்தது.

மிச்ச உருண்டைகளை ஒன்றுவிடாமல் தின்றார். சட்டி, தட்டு, துருவி, டெபோராவின் தூக்கின் அடுக்குகள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். மூடுபனி வேலிவரைக்கும் இறங்கியிருந்தது. குந்தி உட்கார்ந்து குழாயைத் திறந்து கையை நீட்டினார்.

தண்ணீர் எலும்பு வரைக்கும் ஏறியது.